எந்தப் பக்கம் மடிப்பது?

எல்லாம் உன்னால் வந்தது. பெயரைச் சொல்லி உன்னைப் பெரிய ஆளாக்க மாட்டேன். எந்த மூலையில் பதுங்கியிருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேள். மற்றவர்களும் கேளுங்கள்.

பூதங்கள் மனுஷரோடு கூலி பேசிய காலம் அது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் சங்குநாடு, அந்தப் பக்கம் தேன்மலைநாடு. இரண்டு ராஜாக்களும் உயிர்த்தோழர்கள். ஆற்றின் குறுக்கே ஒரு பூதம் படுத்துக் கிடக்கும். அதன் முதுகுதான் பாலம். “நட்பு உள்ளவரை படுத்திருப்பேன். முறிந்தால் எழுந்துவிடுவேன். ஒட்டவைக்க முடியாத தூதர் கல்லாகணும்.” பூதத்தின் கறார் அவ்வளவுதான்.

இரண்டு நாட்டுக்கும் பொதுத் தூதி இளவஞ்சி. சந்தையில் உப்பைக் கொடுத்து மிளகு வாங்கி, பேரம் பேசியே தலையெடுத்தவள்.

சங்குநாட்டுக் குட்டி இளவரசனுக்குப் பெயர் சூட்டும் விருந்து வந்தது. தேன்மலை ராஜா வயிறாரச் சாப்பிட்டார். இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார். அவர் ஊரில் அதுதான் மரியாதை: ‘எல்லா வளமும் உங்களுக்கே’ என்று அர்த்தம். தன் பக்கம் மடிப்பவன் பேராசைக்காரன். சங்குநாட்டிலோ தன் பக்கம் மடித்தால்தான் உறவு நிலைக்கும். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில்!

விருந்தாளி காதில் ஊர் வழக்கத்தைச் சொல்வதற்கென்றே அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவன் நீ. நீயோ பாயச அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “என் பிள்ளைக்கு எழவா கொண்டாடுகிறாய்?” என்று சங்குநாட்டு ராஜா அலறியதும், “தூதிதான் சொல்லவில்லை, மகாராஜா” என்றாய். அவளை வாசலில் பல்லக்குகளை வரவேற்க நிறுத்தியதே நீதானே!

தேன்மலை ராஜா விருட்டென்று ஊர் திரும்பினார். அவர் கரையேறியதும் பூதம் எழுந்து நின்றது. பாலம் போச்சு.

“ஏறு தாயி, உன்னை மட்டும் தூக்கிப் போகிறேன்” என்று இளவஞ்சியிடம் உள்ளங்கையை நீட்டியது.

இளவஞ்சி தேன்மலைக்குப் போனாள். “முதலில் அவன் வருத்தம் சொல்லட்டும்” என்றார் ராஜா. அவள் பாதம் கல்லானது.

சங்குநாட்டுக்கு வந்தாள். “முதலில் அவன் சொல்லட்டும்.” முழங்கால் கல்லானது.

மறுபடி தேன்மலை. “முதலில் அவன்.” இடுப்புவரை கல்.

“கனக்கிறாயே தாயி” என்றது பூதம்.

“எனக்கே என்னைத் தூக்க முடியவில்லை, அண்ணே. இரண்டு பெரிய மனுஷர், ஒரு வாழையிலை. இதற்கு நான் கல்லாகணுமா? சந்தையில் மீன்காரியும் கீரைக்காரியும் இதைவிடப் பெரிய சண்டையை வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் தீர்த்துக்கொள்வார்கள்.”

“அழு, பாரம் குறையும்.”

“அழத் தெம்பில்லை. போய் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வா. சாப்பிடத்தான் கூப்பிடுகிறேன் என்று சொல்.”

பூதம் அவளை நடு ஆற்றுப் பாறையில் இறக்கிவிட்டு, இரண்டு ராஜாக்களையும் அங்கே தூக்கி வந்தது. எதிரெதிரே உட்கார வைத்தாள் இளவஞ்சி. நடுவில் ஒரே ஓர் இலை, நிறையச் சோறு.

“இரண்டு பேருக்கும் ஒன்றா?” என்றார் சங்குநாட்டு ராஜா.

“என் விருந்து, என் முறை. வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் சாமி. நீங்கள் வருவதற்குள் கல் என் கழுத்துக்கு ஏறிவிட்டது.”

பசி இருவரையும் குனிய வைத்தது. சாப்பிட்டு முடிந்ததும், “இப்போது மடியுங்கள். அவரவர் ஊர் வழக்கப்படி” என்றாள்.

தேன்மலை ராஜா தன் பக்கத்து விளிம்பைத் தூக்கி எதிரே தள்ளினார். சங்குநாட்டு ராஜா அதே விளிம்பை எட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். ஒரே மடிப்பு! அவருக்கு எதிர்ப்பக்கம், இவருக்குத் தன் பக்கம். இருவரும் மடிந்த இலையைப் பார்த்தார்கள்.

“அடப்பாவி, உங்கள் ஊரில் இதுதான் மரியாதையா? அன்றைக்கு வாழ்த்தவா செய்தாய்?” என்றார் சங்குநாட்டு ராஜா.

“பின்னே, வைதேன் என்றா நினைத்தாய்?”

இருவரும் ஒரே சமயத்தில் வருத்தம் சொன்னார்கள். பூதம் பெருமூச்சோடு படுத்தது. இளவஞ்சி மேலிருந்த கல் பொலபொலவென்று உதிர்ந்தது.

“என்ன வேண்டும், கேள்! பாதி நாடு தரட்டுமா?” என்றார்கள் ராஜாக்கள்.

“தூங்க விடுங்கள், போதும்.”

இரண்டு ராஜாக்களும் ஆற்றங்கரையில் அவளுக்கு மாளிகை கட்டிக் கொடுத்தார்கள். அவள் விழிக்கும்வரை இரு நாட்டிலும் முரசு அடிக்கக் கூடாதென்று ஆணையிட்டார்கள்.

ஆனால் அவள் வலது சுண்டுவிரல் மட்டும் இன்னும் கல்தான். அது நட்பு முறிந்ததால் வந்த கல் அல்ல. நீ சொன்ன பொய்யால் வந்தது. சபையில் பாதிப்பேர் இன்றைக்கும் அவள்தான் தவறினாள் என்கிறார்கள். அவளுக்கோ மறுத்துப் பேச அலுப்பு. எனக்கு அலுப்பில்லை. எழுந்திரு. போய் இரண்டு ராஜாக்கள் முன்னாலும் நின்று, “சொல்லாமல் விட்டவன் நான்தான்” என்று உன் வாயாலேயே சொல்.