இருபத்தாறு வண்டிகள் சொன்ன சேதி

பேழமலைக்கு ஏறுகிற ரோட்டில் நாற்பத்திநாலு கொண்டை ஊசி வளைவுகள். அதில் வண்டி ஓட்டப் பழக்கிவிடுகிறவள் மரகதவல்லி. வயசு முப்பத்திமூணு. அவளிடம் பழக வந்த சிஷ்யர் ஏகாம்பரத்துக்கு அறுபத்தொண்ணு. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சரம்மா என்பார். அவள் அவரை சார் என்பாள்.

அவர் வாங்கியிருந்தது புதுசான கார். ரோட்டில் போகிற மற்றப் புதுக் கார்களோடு தானாகவே பேசிக்கொள்ளும். எங்கே பள்ளம், எங்கே நெரிசல், எங்கே மாடு படுத்திருக்கிறது என்று ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும்.

அன்றைக்குக் காலையில் அடிவாரத்துப் பெட்டிக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு அவர் குறுக்கும் நெடுக்குமாய் நடந்துகொண்டிருந்தார்.

"என்ன சார், மகளைக் கூப்பிடப் போகலையா?"

"எப்படிப் போறது டீச்சரம்மா? ரோடு அடைச்சுக் கிடக்காம்."

அவருடைய மகள் இளவேனில் மலைமேல் புகுந்த வீட்டில் இருந்தாள். நிறைமாசம். இன்னும் நாள் தள்ளினால் இந்த வளைவுகளில் குலுங்கக் கூடாது, இன்றைக்கே இறக்கிவிடுங்கள் என்று நர்சு சொல்லிவிட்டாள். நாளைக்கு அஷ்டமி, மாமியார் அனுப்ப மாட்டார். மலையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போனால் போக மட்டும் ஆறு மணி நேரம்.

மரகதவல்லி காருக்குள் எட்டிப் பார்த்தாள். திரையில் சிவப்பாக எழுதியிருந்தது. 'வளைவு 24. வழி அடைப்பு. உறுதி செய்த வண்டிகள் 26.'

"மேல இருக்கிறவங்க என்ன சொல்றாங்க?"

"மகளும் அதையேதான் சொல்றா. அங்கேயும் எல்லாக் காரும் அதே சேதி காட்டுதாம். ஒருத்தரும் இறங்கலையாம்."

"ஏறுங்க சார்."

"எதுல?"

"என் ஜீப்புல. அது ஊமை. யார்கிட்டயும் பேசாது."

"டீச்சரம்மா, இருபத்தாறு வண்டி சொல்லுது..."

"போய்ப் பாத்துட்டு வருவோம். அடைச்சிருந்தா திரும்ப எனக்குத் தெரியாதா?"

ஏகாம்பரம் ஏறிக்கொண்டார். மரகதவல்லி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தாள், காது கொடுத்தாள், பிறகு திருப்பினாள். எதிரே ஒரு வண்டி இல்லை. குரங்குகள்தான் நடு ரோட்டில் உட்கார்ந்து பேன் பார்த்தன.

"பாருங்க, இதுங்க ரோட்டை எழுதி வாங்கிடுச்சு" என்று சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் மகளுக்கென்று கட்டிக்கொண்டு வந்த புளியோதரைத் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இருபத்திநாலாவது வளைவு. ஜீப் நின்றது.

ரோட்டின் குறுக்கே தழையோடு ஒரு மரக்கொப்பு கிடந்தது. பக்கத்தில் ஒரு கல். அவ்வளவுதான். மலை சரியவில்லை, மரம் விழவில்லை.

மரகதவல்லி இறங்கி இலையைக் கிள்ளிப் பார்த்தாள்.

"வாடிப் போச்சு. நேத்து ஒடிச்சது. ஏதோ லாரி பழுதாகி நின்னிருக்கு. பின்னாடி வர்றவங்களுக்காக டிரைவர் கொப்பு ஒடிச்சுப் போட்டிருக்கார், சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்திருக்கார். கிளம்புறப்ப எடுத்துப் போட மறந்துட்டார். போட்டவங்கதான் எடுக்கணும். மலையில அதான் வழக்கம்."

"இதைப் பாத்துட்டா ரோடு அடைப்புன்னு சொல்லிச்சு?"

"முதல்ல வந்த காருக்குத் தழை மறைச்சிருக்கும். திரும்பியிருக்கும்."

"சரி, அது ஒண்ணு. மத்த இருபத்தஞ்சும் பொய்யா சொல்லிச்சு?"

"உங்க கார் அதுல எத்தனாவது சார்?"

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபத்தாறாவது. காலையில கேட்டுச்சு, வழி அடைப்பான்னு. ஆமான்னு தட்டிட்டேன்."

"எங்க நின்னு பாத்தீங்க?"

"பெட்டிக்கடையில. டீ குடிச்சுக்கிட்டே."

மரகதவல்லி குனிந்தாள். கொப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவர் பிடித்தார். இழுத்து ஓரத்தில் போட்டார்கள். கல்லை அவர் ஒருவராகவே உருட்டினார். வேர்த்துவிட்டது. முகம் மட்டும் மலர்ந்திருந்தது. மகளை இன்றைக்கே கூட்டிவந்துவிடலாம்.

சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். காரோடு அதிலேயே பேசலாம்.

"கீழே பாவம், எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க. 'மலை ரோடு முழுக்கச் சரியா இருக்கு, எல்லாரும் வரலாம்'னு போட்டுடறேன் டீச்சரம்மா."

மரகதவல்லி ஜீப்பில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

"போடலாம் சார். ஏறுங்க, இன்னும் இருபது வளைவு இருக்கு."

ஏகாம்பரத்தின் விரல் திரைக்கு மேலேயே நின்றது.