அருவருப்பு பிறந்த இடம்

முன்னொரு காலத்தில், பெயர் அழிந்துபோன ஒரு நாட்டில், அரசனின் காதுக்குள் ஒரு சொல் புகுந்துகொண்டது. நகர்வலத்தின்போது கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "அருவருப்பு." எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அரசன் திரும்பினான். எல்லா வாய்களும் மூடியிருந்தன.

அதன்பின் அது போகவில்லை. சாப்பிடும்போது கேட்டது. ராணி பேசினால், அவள் குரலுக்கு அடியில் கேட்டது.

"அந்தச் சொல் பிறந்த இடத்தைக் கொளுத்த வேண்டும்," என்றான் அரசன் சபையில். "அப்போதுதான் அது சாகும். எங்கே பிறந்தது?"

அமைச்சர் விழுப்பரையர் எழுந்தார். அரசனைச் சிரிக்கவைக்கும் விகடகவி சேந்தனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"கழிமுகத்துக் கருவாட்டுக் குப்பத்தில், அரசே. அந்த நாற்றத்தில்தான் பிறந்திருக்கும். நம் சேந்தனுடைய ஊர். என்ன சேந்தா, ஊருக்குப் போனால் நீயே மூக்கைப் பிடித்துக்கொள்வாயாமே?"

சபை சிரித்தது. சேந்தன் சிரிக்கவில்லை. அவன் தங்கையும் அவள் கைக்குழந்தையும் அங்கே இருந்தார்கள். அரண்மனை வாசலில் அதற்குள் வீரர்கள் பந்தங்களை ஏற்றிவிட்டார்கள்.

"அமைச்சர் சொன்ன இடம் தவறு, அரசே. சரியான இடம் எனக்குத் தெரியும். எதுவானாலும் எரிப்பீர்களா?"

"எதுவானாலும். என் ஆணை. பொய்யென்றால் உன்னையும் சேர்த்து எரிப்பேன்."

சேந்தன் ஒரு பந்தத்தையும் அரசன் பால் அருந்தும் பொற்கிண்ணத்தையும் கொண்டுவந்தான்.

"இதில் கொஞ்சம் உமிழுங்கள்."

அரசன் உமிழ்ந்தான். பந்த வெளிச்சத்தில் அது நுரைத்துக் கிடந்தது.

"இப்போது குடியுங்கள்."

"என்ன?"

"தங்களுடையதுதானே, அரசே. சற்றுமுன்வரை நாக்கின்மேல் இருந்தது. காலையிலிருந்து இதைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்."

அரசன் கிண்ணத்தை உதடுவரை கொண்டுபோனான். தொண்டை தானாக அடைத்துக்கொண்டது. வயிற்றிலிருந்து ஓர் ஒலி ஏறி வந்தது. எழுத்தில்லாத ஒலி.

"கேட்டீர்களா? பிறந்துவிட்டது," என்றான் சேந்தன். "அதை எழுத்து கோத்துச் சொல்லாக்கி ஊர்மேல் எறிவதெல்லாம் அப்புறம். வாயைத் திறவுங்கள், அரசே."

பந்தத்தை உயர்த்தினான். அரசனின் மீசை நுனி பொசுங்கி நாறியது.

வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. காதுக்குள்ளும் கேட்கவில்லை. அரசன் சிரித்தான்.

"வாசலில் பந்தங்களை அணையுங்கள். சேந்தா, கிண்ணம் உனக்கு. விழுப்பரையரே, அதைக் கழுவிக் கொடும். கையால்."

அமைச்சர் இரண்டு விரலால் கிண்ணத்தை எடுத்துப் போனார். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அரசனும் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

சிரித்து ஓய்ந்தபோது வாயில் எச்சில் ஊறியது. அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.