பண்டிதர் ஏறிய பரிசல்

இந்தக் கதையை என் மச்சான் கதிரேசன் சொன்ன நாளிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

குணம் பார்த்து வேலை பிரிக்கும் பண்டிதர் ஒருவர், பாளையக்காரரோடு பரிசல்துறைக்கு வந்தார். பரிசல்காரன் மாரப்பனைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“பயந்த சுபாவம். துடுப்பு மேல உனக்கு ஆசை இருக்கலாம், தொழில் வராது. துறை தைரியசாலி தொட்டண்ணனுக்குத்தான்.”

பக்கத்துப் பரிசல்காரன் தொட்டண்ணன் மீசையை முறுக்கினான்.

“மறுத்துச் சொல்ல ஏதாவது இருக்கா? இல்லேன்னா இன்னிக்கே ஊரைவிட்டுக் கிளம்பு” என்றார் பாளையக்காரர்.

ஆற்றில் வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு போனது. மாரப்பன் அதைப் பார்த்துவிட்டுப் பண்டிதரைக் கும்பிட்டான்.

“சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும். நாங்க ரெண்டு பேரும் இப்பவே அக்கரைக்குப் போறோம். சாமி எந்தப் பரிசல்ல வேணும்னாலும் ஏறிக்கட்டும்.”

“ஏறுங்க பண்டிதரே” என்றார் பாளையக்காரர்.

“வாங்க சாமி, கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்!” என்று சிரித்தான் தொட்டண்ணன்.

பண்டிதர் வெள்ளத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, மாரப்பனின் பரிசலில் ஏறி உட்கார்ந்தார்.

கரையே சிரித்தது. துறை மாரப்பனுக்கே என்று தீர்ப்பானது.

கதிரேசன் எப்போதும் இங்கேயே நிறுத்திவிடுவார். போன வாரம்தான் கேட்டேன்: “ஏன் மச்சான், அந்தப் பரிசல் அக்கரை போய்ச் சேர்ந்துச்சா?”