பிரித்துத் தைத்த சட்டை

ஆவுடையம்மாள் மடத்துக்கு வந்தபோது மாற்றுப் புடவைகளோடு தையல் மிஷினையும் கொண்டுவந்தாள். கடையத்தை அடுத்த மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். அதை நடத்திய தவமணி அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இராது. ஆவுடையம்மாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் அவள்தான் சிஷ்யை. தவமணியை அவள் ‘அம்மா’ என்பாள். தவமணி அவளை ‘அக்கா’ என்பார்.

"எதுக்கு வந்தீங்க அக்கா?" என்று முதல் நாள் கேட்டார் தவமணி.

"மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

"இங்கேயும் நிக்காட்டி?"

ஆவுடையம்மாள் மிஷின் பக்கம் திரும்பினாள். "மிஷினை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

மடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அவள் தைத்துக் கொடுத்தாள். தவமணி அம்மாவுக்கு முழுக்கை ரவிக்கை ஒன்று தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அம்மா மாலைக் கூட்டத்தில் பேசினார். பேச்சு முடிந்ததும் ஆவுடையம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"அந்த ரவிக்கையைக் கழற்றிக் கொடுங்க அம்மா. இடது கை கொஞ்சம் இறங்கியிருக்கு. பிரிச்சுத் தச்சுத் தரேன்."

"இன்னிக்கு நான் எதைப் பத்திப் பேசினேன்?"

ஆவுடையம்மாள் ரவிக்கையிலிருந்து கண்ணை எடுத்தாள். "காதுல விழலை அம்மா. கையையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

தவமணி கோபிக்கவில்லை. ரவிக்கையைக் கழற்றிக் கொடுக்கவும் இல்லை. அன்று ஆவுடையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவளாகவே வந்து உட்கார்ந்தாள்.

"இது நேத்து வந்த வியாதி இல்லை அம்மா."

சொல்லத் தொடங்கினாள். கல்யாணமாகி வந்த வருஷமே மிஷினில் உட்கார்ந்தவள் அவள். புருஷனின் கிழிந்த வேட்டியில்தான் கத்தரிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் வீட்டில் யாருக்கும் கடைச் சட்டை கிடையாது. ஒரே மகள் செண்பகத்துக்குப் பழைய பட்டுப் புடவையில் பாவாடை, மிச்சத் துணியில் பொம்மைக்கும் பாவாடை. மிதிக்கிற சத்தத்தில்தான் பிள்ளை தூங்கும், நிறுத்தினால் எழுந்துகொள்ளும். ஊசி விரலில் ஏறியிருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் கழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டு அழுதிருக்கிறாள். எல்லாம் முடிந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி உதறுகிற நேரம் ஒன்று வரும். அந்த நேரத்துக்காகவே அத்தனையும் செய்யலாம்.

"உதறினதும் சந்தோஷமா இருக்கும். அடுத்த நொடியே எங்கேயோ ஒரு சுருக்கம் கண்ணுல பட்டுடும். அதுக்கப்புறம் எனக்குச் சட்டை தெரியாது. சுருக்கம்தான் தெரியும்."

"ம்."

"செண்பகத்தோட கல்யாண ரவிக்கையும் நான்தான் தச்சேன். மணவறையில முதுகுப் பக்கம் துளி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. பின்னாலே நின்னு இழுத்து இழுத்து விட்டேன். ‘கையை எடும்மா’ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா. தாலி கட்டுறப்போ அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்குவரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த முதுகு மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

தவமணி அவள் மடியைப் பார்த்தார். "அது என்ன?"

ஆவுடையம்மாள் மடியில் மெல்லிய வெள்ளை மல் துணியில் சின்னச் சட்டை ஒன்று இருந்தது. ஓரங்களில் நூல் பிசிர் தொங்கியது.

"பேத்திக்கு. கோவில்பட்டியில மகளோட மாமியார் வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியிலதான் பிரசவம். அவசரத்துல கடைச் சட்டையை வாங்கிட்டுப் போயிருந்தேன். எனக்கே வெக்கமாப் போச்சு. ‘அடுத்த தடவை என் கையால தச்ச சட்டையோட வரேன்’னு சொல்லிட்டு வந்தேன்."

"அப்புறம் போகலையா?"

"இது சரியா வந்தாத்தானே போக? அக்குள்ல இழுக்குது. பிரிச்சேன். தச்சா கழுத்து ஏறுது. மறுபடி பிரிச்சேன். செண்பகமும் ஃபோன்ல கேட்டுக் கேட்டுப் பார்த்தா. இப்பல்லாம் கேக்கறதில்லை."

தவமணி சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் ஊசித் துளைகள் பெரிதாகித் துணி சல்லடைபோல் இருந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"கிளம்புங்க அக்கா."

"எங்கே?"

"கோவில்பட்டிக்கு. நானும் வரேன்."

"இது இன்னும் முடியலையே அம்மா."

"முடியாததையும் எடுத்துக்கோங்க."

பஸ்ஸில் ஆவுடையம்மாள் ஊசியை எடுத்தாள். திருநெல்வேலி வருவதற்குள் கழுத்தையாவது மடித்துத் தைத்துவிடலாம் என்று நினைத்தாள். வண்டி குலுங்கிய குலுக்கலில் தையல் கோணிக்கொண்டு ஓடியது. பிரித்தாள். நூல் அறுந்தது. எச்சில் தொட்டு மறுபடி கோத்தாள். ஜன்னலுக்கு வெளியே என்ன போயிற்று, எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் தவமணி அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். எழுப்பி, ‘திரும்பிப் போயிடலாமா’ என்று கேட்க ஆவுடையம்மாளுக்கு வாய் வரைக்கும் வந்தது.

கோவில்பட்டியில் கதவைத் திறந்தது செண்பகம்தான். இளைத்திருந்தாள். அம்மாவையும் கூட வந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சட்டை முடிஞ்சிடுச்சா?"

"இல்லைடி."

"பின்னே எப்படி வந்தே?"

ஆவுடையம்மாள் தவமணியைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் குழந்தை தவழ்ந்து வந்தது. ஆவுடையம்மாள் ஆஸ்பத்திரியில் பார்த்தது துணிச்சுருளுக்குள் மூடியிருந்த ஒரு முகத்தை. இப்போது வந்தது வேறு ஆள். கன்னம் உப்பி, இரண்டு பல்லோடு, தரையை அறைந்துகொண்டு வந்தது. அவள் கையிலிருந்த வெள்ளைத் துணியைப் பிடித்து இழுத்தது.

ஆவுடையம்மாள் உட்கார்ந்து பேத்தியை மடியில் வைத்துச் சட்டையை மாட்டப் பார்த்தாள். தலையே நுழையவில்லை. கழுத்தை அகட்டினாள். பழைய ஊசித் துளைகள் வழியே துணி சரசரவென்று கிழிந்தது. குழந்தை சிரித்தது.

வேறு யாரும் சிரிக்கவில்லை.

"இது அவ பிறந்தப்போ இருந்த அளவும்மா," என்றாள் செண்பகம். குரலில் கோபம் இல்லை. அதுதான் ஆவுடையம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஆமாண்டி. நான் அங்கேயே நின்னுட்டேன்." கிழிந்த துணியைக் கையில் சுருட்டினாள். பிறகு தவமணியிடம் திரும்பினாள். "இனி நான் என்ன செய்யணும் அம்மா?"

"அளவு எடுங்க."

செண்பகம் உள்ளே போய் டேப்பைக் கொண்டுவந்தாள். அம்மாவின் பழைய டேப்தான். கல்யாணமாகி வந்தபோது எடுத்துவந்திருந்தாள் போலிருக்கிறது. ஆவுடையம்மாள் அதை வாங்கும்போதுதான் மகளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"தூங்கறியாடி நீ?"

"இவ எங்கே தூங்க விடறா?"

குழந்தையின் மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தாள் ஆவுடையம்மாள். எண்ணைப் பார்ப்பதற்குள் குழந்தை கவிழ்ந்துகொண்டது. திருப்பினாள். டேப்பின் நுனியை வாயில் போட்டுக்கொண்டது. பிடுங்கினால் அழுதது, விட்டால் நழுவி ஓடியது. கூடம் முழுக்கப் பாட்டி முழங்காலிட்டுத் துரத்தினாள். இருபத்திரண்டு அங்குலம் என்று ஒரு தடவை வந்தது, பத்தொன்பது என்று ஒரு தடவை. செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமலே சிரித்தாள்.

ஆவுடையம்மாளுக்கு வியர்த்துவிட்டது. சரியான எண் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், உடனே துணி வாங்கி வெட்டிவிடலாம். இந்தத் தடவை கழுத்து ஏறாது.

"அம்மா, இவளைக் கொஞ்சம் பிடிங்களேன். ஒரு நிமிஷம் அசையாம இருந்தாத்தானே அளவு எடுக்க முடியும்?"

தவமணி அம்மா குனிந்து, குழந்தையின் காலில் சுற்றிக்கொண்டிருந்த டேப்பை மெல்ல விடுவித்தார். அது மறுபடி நழுவி ஓடியது.

"அசையாம இருந்த பிள்ளைக்கு நான் ஒரு தடவை அளவு எடுத்திருக்கேன் அக்கா. என் பிள்ளைதான். மண்ணுக்குள்ள வைக்கறப்போ போட்ட அந்தச் சட்டை நூல் பிசகாமப் பொருந்துச்சு."