உழக்கில் ஒட்டிய நெய்

கோடைச்சேரி ராஜாவுக்கு எதிலும் அளவு வேண்டும். கொட்டாவி விட்டால்கூட, நேற்றையதைவிட இது நீளமா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். அப்படிப்பட்டவரிடம் போய், அளவுகளை விசாரிக்கும் மணியக்காரர் ஏகலிங்கம் ஒரு காலி நெய் உழக்கை நீட்டினார். உள்ளே விரலை விட்டு வழித்துக் காட்டினார். விரல் மினுமினுத்தது.

"மடைப்பள்ளி முத்தையன் தினமும் இதில்தான் அளக்கிறான். இவ்வளவு நெய் இதிலேயே நின்றுவிடுகிறது. பிறகு அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று நான் சொல்ல வேண்டுமா, மகாராஜா?"

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி என்றெல்லாம் முன்னோர்கள் வரையறுத்து வைத்தார்கள். பாத்திரத்தில் ஒட்டிக்கொள்வதற்கு மட்டும் பெயர் வைக்காமல் போய்விட்டார்கள். அந்தக் குறை சமையற்காரன் முத்தையன் தலையில் விடிந்தது. மறுநாள் அக்காரவடிசிலுக்கு அளக்கும் நெய்யில் ஒரு துளியும் அண்டாவுக்கு வெளியே தங்கக்கூடாது. போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் நெய் யாரிடம் நிற்கிறதோ, அவருக்குத் தலையையும் மீசையையும் சிரைத்து ஊரைவிட்டுத் துரத்த வேண்டும். இது ராஜாவின் உத்தரவு.

முத்தையன் தெய்வநாயகத்திடம் ஓடினான். சாதுர்யத்துக்கென்றே அரண்மனையில் சம்பளம் வாங்குகிறவர் அவர். உழக்கைச் சூடுகாட்டிப் பார்த்ததையும், துணியால் துடைத்தால் துணி நெய்யைக் குடித்துவிடுவதையும் சொல்லிப் புலம்பினான். பால் விட்டு அலசலாமென்றால், பாலும் அளந்த பால்தானே, அதுவும் ஒட்டுமே என்று மணியக்காரர் மறிக்கிறாராம்.

"மொட்டையைப் பற்றிக்கூடக் கவலையில்லை சாமி. ஊரைவிட்டுப் போனால் மாமனார் வீட்டில்தான் கிடக்க வேண்டும்."

தெய்வநாயகத்தின் மாமனாரும் உயிரோடு இருந்தார். அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் ஏகலிங்கம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, தெய்வநாயகம் நெய் நிறைந்த உழக்கை வாங்கினார். உழக்கோடு அண்டாவில் போட்டார். ஏகலிங்கம் குனிந்து நிமிர்ந்து தேடினார். வெளியே ஒரு துளி இல்லை.

பரிமாறும்போது கரண்டியிலும் ஒட்டியது. எனவே கரண்டியும் ராஜாவின் இலைக்கு வந்தது. நடுவில் அக்காரவடிசில், அதில் பாதி புதைந்த உழக்கு, மேலே கரண்டி.

"இதையெல்லாம் யார் தின்பது?" என்றார் ராஜா.

"தின்ன வேண்டாம் மகாராஜா. நக்கியருளினால் போதும். நெய் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் நிற்கக்கூடாது என்பது தங்கள் உத்தரவு."

தன் உத்தரவைத் தானே மீற முடியுமா? ராஜா உழக்கைத் தூக்கி, அதற்குள் நாக்கோடு மீசையையும் நுழைத்தார். நிமிர்ந்தபோது மீசையின் இரு முனைகளிலும் நெய் சொட்டியது. சபையில் இருந்தவர்கள் விதானத்துச் சித்திரங்களை ரசிக்கத் தொடங்கினார்கள்.

தெய்வநாயகம் ஏகலிங்கத்தைப் பணிவோடு கேட்டார்: "வயிற்றுக்குப் போகவேண்டிய நெய் வெளியே நிற்கிறது, மணியக்காரரே. கத்தியைத் தீட்ட நான் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா?"

ஏகலிங்கமும் விதானத்தை அண்ணாந்து பார்த்தார். தன் கண்ணுக்கு நெய்யே தெரியவில்லை என்றார்.

"அப்படியானால் உழக்கிலும் இல்லை" என்றார் தெய்வநாயகம்.

ராஜா மீசையைத் தடவி, விரலைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். பழைய உத்தரவு ரத்தாயிற்று. தெய்வநாயகத்துக்குச் சால்வை கிடைத்தது. முத்தையனைக் கலங்கவைத்ததற்குப் பரிகாரமாகப் புதிய உத்தரவும் பிறந்தது: அளக்கிற பாத்திரத்தில் ஒட்டும் நெய் இனிச் சமையற்காரனுக்கே சொந்தம்.

பாத்திரம் இன்னதென்று ராஜா சொல்லவில்லை. மறுநாள் முதல் முத்தையன் நெய்யைத் தாம்பாளத்தில் அளந்தான்.