அக்கினி மூலைக் கணப்பு

"அம்மா, கண்ணை மூடினா அவன் மூஞ்சிதான் வருது" என்றார் கோமதிநாயகம்.

"யார் மூஞ்சி?" என்றார் தில்லையம்மா. ஆசிரமத்துச் சமையலுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வீடு வித்தானே, அந்தச் சவரிமுத்து. தியானமும் இல்லை, தூக்கமும் இல்லை."

சிஷ்யருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. கொடைக்கானலில் அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வருகிறவர்களில் இவர் மேல்தான் அம்மாவுக்குத் தனிப் பிரியம். எதற்கெடுத்தாலும் பதறுவார். திட்டினால் சிரிப்பார்.

"அப்படி என்ன செஞ்சார்?"

"ஹால்ல கணப்பு மூட்டினா புகை மேலே போகலை. வீட்டுக்குள்ளேயே சுத்துது. உலகம்மைக்கு ஏற்கெனவே வீசிங். இருமி இருமி, வத்தலக்குண்டுல தங்கச்சி வீட்டுக்கே போயிட்டா. கணப்பு சரியானா சொல்லுங்க, அப்ப வரேன்னுட்டா."

கல்யாணமான நாளிலிருந்து மனைவி இல்லாமல் அவர் தனியாகக் காபி குடித்ததில்லை. இப்போது காபியே குடிப்பதில்லை.

"அவன் மேல கேஸ் போடவா, மன்னிச்சு விடவா? நீங்களே சொல்லுங்கம்மா."

தில்லையம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"குளிருது. வாங்க, உங்க வீட்டில் போய்க் குளிர் காய்வோம்."

*

கோமதிநாயகம் கணப்பை மூட்டினார். விறகு பற்றியது. புகை எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல், இருவர் முகத்துக்கும் வந்தது.

"பார்த்தீங்களாம்மா?" என்றார், ஏமாந்தவர்களுக்கே உரிய கம்பீரத்தோடு.

"எங்கே பார்க்கிறது? கண்ணைத் திறக்க முடியலையே."

தில்லையம்மா இருமிக்கொண்டே வெளியே வந்து கூரையை நிமிர்ந்து பார்த்தார். கோமதிநாயகமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

புகைபோக்கி ஓட்டுக் கூரையின் அந்தக் கோடியில் இருந்தது. அதன் மேல் ஒரு மைனா நிம்மதியாக இறகு கோதிக்கொண்டிருந்தது. கணப்போ வீட்டின் இந்தக் கோடியில் எரிந்தது.

"மோசடிம்மா! பச்சை மோசடி!"

"கூப்பிடுங்க அவரை."

*

சவரிமுத்து ஒரு பை நிறையப் பேரிக்காயோடு வந்தார்.

"வீட்டம்மா எங்கே ஐயா? அவங்களுக்குத்தான் கொண்டாந்தேன்."

"அவளைத்தான் புகை போட்டுத் துரத்திட்டியே! கணப்பை இங்கே கட்டிட்டு, புகைபோக்கியை அங்கேயே விட்டா, புகை எங்கேய்யா போகும்?"

சவரிமுத்து திகைத்துப்போனார்.

"ஐயா, முன்னால புகைபோக்கிக்கு நேர் கீழே, அந்த ஜன்னலோரம்தானே கணப்பு இருந்துச்சு? எங்கப்பா காலத்துல இருந்து ஒரு பொட்டுப் புகை உள்ளே வந்ததில்லை. வீடு பார்க்க வந்த அன்னிக்குக் கையில திசைகாட்டியை வச்சுக்கிட்டு, நெருப்புன்னா அக்கினி மூலையில இருக்கணும், தென்கிழக்குக்கு மாத்திக் கொடுத்தா உடனே கிரயம்னு சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன். புகைபோக்கியையும் சேர்த்து மாத்தணும்ல?"

"மழை விடட்டும், கூரையைப் பிரிச்சு முறையாக் கட்டிடலாம்னேன். பால் காய்ச்ச முகூர்த்தம் தவறிடும், கூரையெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்னீங்க."

கோமதிநாயகம் குருவின் பக்கம் திரும்பவே இல்லை. மைனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் மேலயும் தப்பு இருக்குங்க" என்றார் சவரிமுத்து, தணிந்த குரலில். "சாவி கொடுக்கும்போதாவது, இதுல நெருப்பு மூட்டாதீங்கன்னு சொல்லியிருக்கணும். வித்தா போதும்னு வாயை மூடிக்கிட்டேன்."

தில்லையம்மா பையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்துக் கடித்தார். நிதானமாக மென்றார். இருவரும் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

"திசைகாட்டி என்ன சொல்லுச்சுன்னு தெரிஞ்சிடுச்சு" என்றார். "அன்னிக்கு உலகம்மை என்ன சொன்னாங்க?"

"அவளா? அவ ஒண்ணும் சொல்லலையே."

"கேட்டீங்களா?"

கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"உலகு... வீடு பார்க்க வந்தோமே, அன்னிக்கு உனக்கு இங்கே எந்த இடம் பிடிச்சிருந்துச்சு?"

"எந்த மூலைன்னெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்றார் உலகம்மை. "ஜன்னலோரம் நெருப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சுல்ல, அங்கேதான் போய் நின்னேன். திசை பார்க்கணும், தள்ளி நில்லுன்னீங்க. அதுவரைக்கும் கதகதப்பா இருந்துச்சு."