இழுத்தால் அவிழும் முடிச்சு

ஒரு கடற்கரை ஊரில் ஒரு கால்பந்து இருந்தது. வெள்ளையாக வந்த பந்து, உப்புக்காற்றிலும் மணலிலும் உருண்டு பழுப்பாகிப் போயிருந்தது. அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளின் அணிக்கு அதுதான் பந்து. எல்லாரும் பதினைந்து வயதுக்குள் இருந்த பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகள் ஆடும் விதம் பந்துக்கு ரொம்பப் பிடிக்கும். அடித்துத் தூர விடமாட்டார்கள். பக்கத்தில் நிற்பவளுக்கு ஒரு தட்டு, அவள் அடுத்தவளுக்கு ஒரு தட்டு. பதினொரு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்து விசாரித்துவிட்டுத்தான் பந்து கோலுக்குப் போகும். ஓட்டம் வராத பிள்ளைக்கும் அதில் ஒரு தட்டு கிடைத்துவிடும். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற செலஸ்டின் சார் சொல்லிக்கொடுத்த ஆட்டம் அது.

அந்தக் கரையோர ஊர்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கோலைக் காக்கிற பிள்ளையைக் கோலி என்பார்கள்; அவள் கையில் உறை மாட்டியிருப்பாள். பூட்ஸின் லேஸ் அவிழ்ந்தால் அந்தத் தடித்த உறையோடு அவளால் கட்ட முடியாது. அதனால் பந்து வெளியே போன நேரம் பார்த்து அவள் காலைத் தூக்கிக் காட்டுவாள். யார் பக்கத்தில் நிற்கிறாளோ அவள் ஓடிப்போய், மண்ணில் முழங்கால் ஊன்றி, கட்டிவிடுவாள். எந்த ஊர்ப் பிள்ளை, எந்த அணி என்று பார்ப்பதில்லை. சட்டப் புத்தகத்தில் இது கிடையாது. யார் தொடங்கியது என்றும் யாருக்கும் தெரியாது. நல்லதெல்லாம் அப்படித்தானே இருக்கிறது.

பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து கடைசி ஆட்டத்தில் தோற்றார்கள். டீக்கடையில் செலஸ்டின் சாரைக் கண்டால் ஆண்கள் விடமாட்டார்கள்.

“என்ன சார், இந்த வருசமும் ஜெயிச்சவங்களுக்குக் கைதட்டிட்டு வந்தாச்சா?”

“அடேய், சாரைச் சொல்லாத. நம்ம பிள்ளைங்க பந்தை வீடு வீடா விருந்துக்குல்லா கூட்டிட்டுப் போறாங்க. கோலுக்குப் போய்ச் சேரதுக்குள்ள விசில் அடிச்சிருது.”

முதல் வருடம் சாரும் கூடச் சிரித்தார். மூன்றாவது வருடம் சிரிக்கவில்லை. டவுனுக்குப் போய் ஒரு பலகை வாங்கி வந்தார். பச்சை மைதானம் வரைந்த பலகை. அதில் ஒட்டி நகர்த்தப் பதினொரு சிவப்புக் காந்தங்கள்.

பலகை வந்த அன்றே பந்திடம் பெருமை பேசியது. “என் பிள்ளைகளைப் பார். வைத்த இடத்தில் நிற்பார்கள். தாகம் எடுக்காது. ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார்கள்.”

“சிரிப்பார்களா?” என்று பந்து கேட்டது.

“சிரித்துக் கோப்பை வாங்கியவர் உண்டா?” என்றது பலகை.

அன்றிலிருந்து ஆட்டம் மாறிப்போனது. “தட்டி ஆடினது போதும். பின்னால இருந்து தூக்கி அடி. முன்னால பெனிட்டா பாத்துக்குவா” என்றார் சார். பெனிட்டா வேகமாக ஓடக்கூடியவள், வலை பின்னுகிறவரின் மகள். பந்து இப்போது மற்றப் பிள்ளைகளின் தலைக்கு மேலே பறந்தது. கீழே நடுவில் நின்ற ஒரு பிள்ளை அண்ணாந்து பார்த்து, “ஏட்டி, பந்தைக் கிட்டப் பாத்து எத்தன நாளாச்சு! நல்லாருக்காமா அது?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். சார் இரண்டு பேரையும் வெளியே உட்கார வைத்தார்.

தூக்கி அடித்து அடித்து, அந்த வருடமும் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். கோயில் திருவிழாக் கோப்பை. எதிரே முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கத்து ஊர். அவர்களின் கோலி சுஜிமோள் ஒல்லிப் பிள்ளை, வாய் ஓயாமல் பேசுகிறவள். ஆட்டத்தில் ஒரு கண்ணும் பேச்சில் ஒரு கண்ணுமாக நின்றாலும், பெனிட்டா அடித்த ஐந்து பந்தையும் பிடித்துவிட்டாள். பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் கோல் இல்லை.

இடைவேளையில் செலஸ்டின் சார் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் வட்டமாக நிற்க வைத்தார். பந்து அவர் காலடியில் கிடந்தது. பலகை மரத்தில் சாய்ந்து நின்றது. எல்லாரும் கண்ணை மூடி ஒரு பரலோக மந்திரம் சொன்னார்கள். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் சார் பேசத் தொடங்கினார்.

“பெனிட்டா, கேளு மக்களே. அந்தக் கோலிக்க லேஸு புதுசு. வழுக்குது. ரெண்டு தடவ அவுந்திருச்சு, பாத்தியா? இனியும் அவுரும். நீதான் பக்கத்துல நிப்பே. போய்க் கெட்டிக் குடு.”

“சரி சார்.”

“இழுத்தா அவுருற முடிச்சாப் போடு. பாக்கதுக்கு இறுக்கமா இருக்கணும். காலத் தூக்கி ஓடினா அவுந்திரணும். நுனிய நீளமா விட்டுரு. உங்கப்பன் வலைக்குப் போடாத முடிச்சா?”

பெனிட்டா மற்றவர்களைப் பார்த்தாள். எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அவர்களுடைய கோலி ஷெரின், உறை மாட்டிய கையை மார்போடு வைத்துக்கொண்டு சாரையே பார்த்தாள்.

“சார், அவ விழுந்திருவாளே.”

“விழுந்தா எந்திப்பா. கொலையா செய்யச் சொன்னேன்?”

“பாவமில்லியா சார்?”

“பாவத்த எல்லாம் பாவசங்கீர்த்தனத்துல சாமியாரு பாத்துக்குவாரு. நீ கோலைப் பாரு.”

பந்துக்குக் காற்றே இறங்கியதுபோல் ஆகிவிட்டது. “கேட்டாயா?” என்றது பலகையிடம்.

“கேட்டேன். நல்ல திட்டம். இதற்கு நான் ஒரு காந்தத்தைக்கூட நகர்த்த வேண்டாம்.”

“உனக்கு வெட்கமாக இல்லையா? காலில் விழுந்து உதவி செய்கிற பிள்ளையை, அதே இடத்தில் காலை வாரச் சொல்கிறார். செபம் சொன்ன மூச்சிலேயே சொல்கிறார்!”

“நீ உருளுகிறவன். உனக்கு வெற்றியின் அருமை தெரியாது” என்றது பலகை.

நடுவர் பந்தை எடுத்து மைதானத்தின் நடுவில் வைத்தார். அவர் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்துப் பந்து கெஞ்சியது. “விசிலே, அங்கே ஒரு அநியாயம் நடக்கப்போகிறது. ஊது. இப்போதே ஊதிவிடு.”

“எதை ஊத? தள்ளினால் ஊதுவேன். கையால் தொட்டால் ஊதுவேன். ஒரு பிள்ளை முழங்கால் ஊன்றி லேஸ் கட்டினால், அதை எந்த எண் போட்டுக் குற்றம் என்று ஊதுவது?”

“அவள் மனதில் இருப்பது?”

“அவ்வளவு உள்ளே போக எனக்குக் காற்றுப் போதாது” என்றது விசில்.

இரண்டாம் பாதி முடிய ஐந்து நிமிடம் இருந்தது. பந்து ஒரு காலில் பட்டு மூலைப்பக்கம் வெளியே போனது. மூலையிலிருந்து அடிக்க வேண்டும். சுஜிமோள் குனிந்து பார்த்து, இடது காலைத் தூக்கிக் காட்டினாள். பெனிட்டாதான் பக்கத்தில் நின்றாள். ஓடிப்போய் முழங்கால் ஊன்றினாள்.

“நல்லா இறுக்கிக் கெட்டு பிள்ளே. இந்தச் சனியன் நிக்கவே மாட்டேங்குது. அம்மா வாங்கித் தந்த புது லேஸ். ஆமா, நீ என்ன ஓட்டம் ஓடுதே! ஒன்ன நினைச்சே எனக்கு ராத்திரி ஒறக்கம் வரல்ல, கேட்டியா?” என்றாள் சுஜிமோள்.

பெனிட்டா நிமிர்ந்து பார்க்கவில்லை.

லேஸ்தான் முதலில் கண்டுகொண்டது. “விரல்களே, என்ன செய்கிறீர்கள்? என்னைத் தப்பாகத் திருப்புகிறீர்கள். இப்படிக் கட்டினால் நான் நிற்கமாட்டேன்.”

“தெரியும்” என்றன விரல்கள்.

“தெரிந்தா செய்கிறீர்கள்?”

“சார் சொன்னார்.”

“சாரா குனிந்திருக்கிறார்? குனிந்திருப்பது நீங்கள்தானே. இன்னொரு சுற்று, ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். நான் பிடித்துக்கொள்கிறேன்.”

விரல்கள் ஒரு நொடி நின்றன. கோட்டுக்கு வெளியே இருந்து செலஸ்டின் சார், “வேகம் பெனிட்டா, வேகம்!” என்றார். விரல்கள் நுனியை நீளமாக விட்டுவிட்டு எழுந்துகொண்டன.

“தேங்க்ஸ் பிள்ளே” என்றாள் சுஜிமோள். உறை மாட்டிய கையால் பெனிட்டாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. வரும்போதே அது காற்றிடம், என்னை வெளியே தள்ளிவிடு, கடலுக்குக் கொண்டுபோ என்று கெஞ்சியது. காற்று அன்றைக்குக் கிடந்து தூங்கியது. சுஜிமோள் பந்தைப் பார்த்து இரண்டு எட்டு ஓடினாள். மூன்றாவது எட்டில் தன் லேஸைத் தானே மிதித்தாள். அவள் போய் விழுந்த இடத்தில் கோல் கம்பம் நின்றது. நட்டு வைத்த கம்பத்துக்கு ஒதுங்கத் தெரியாது. அவளுடைய வலது மணிக்கட்டு அதில் மோதிய சத்தம் கம்பத்தின் உச்சி வரைக்கும் கேட்டது.

ஆளில்லாத கோலுக்குள் பெனிட்டா பந்தைத் தள்ளினாள். விசில் நீளமாக ஊதியது. கோல் என்றால் ஊத அதற்குத் தெரியும்.

சுஜிமோள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது. ஆனால் அவள் பார்த்தது கையை அல்ல, காலைத்தான்.

“நீ கெட்டினதுதானே பிள்ளே?” என்று கேட்டாள்.

“இறுக்கித்தான் கெட்டினேன்” என்றாள் பெனிட்டா. சார் இதைச் சொல்லச் சொல்லவில்லை. அவளாகவே சொன்னாள்.

வலைக்குள் கிடந்த பந்து கத்தியது. “என்னை உதையுங்கள். அதற்குத்தான் என்னைத் தைத்தார்கள். சேற்றில் தள்ளுங்கள், முள்ளில் போடுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு முழங்கால் ஊன்றக் கற்றுக்கொடுத்து, அந்த முழங்காலுக்கு அடியில் பொய்யை ஒளிக்கக் கற்றுக்கொடுத்தீர்களே, நீங்களெல்லாம் பெரியவர்களா? தோற்றால் என்ன கெட்டுப்போயிருக்கும்? மூன்று வருடம் தோற்றுவிட்டு வந்தபோதும் இந்தப் பிள்ளைகள் ராத்திரி சோறு தின்றுவிட்டு நன்றாகத்தானே தூங்கினார்கள்!”

யாருக்குக் கேட்கும்? மைதானம் முழுக்க வெடிச் சத்தம்.

கோப்பை ஊருக்கு வந்தது. மாலை, மேளம், லாரியில் ஊர்வலம். டீக்கடைக்காரர்கள் செலஸ்டின் சாரைத் தோளில் தூக்கினார்கள். கோயிலில் நன்றித் திருப்பலி வைத்தார்கள். பீடத்துக்கு முன்னால் கோப்பை பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கையொடிந்து கிடக்கிற பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அந்த ஊரில் ஒரு வாய், ஒரே ஒரு வாய் கேட்கவில்லை. பெற்றவர்கள் நிறைந்த கோயில் அது.

அந்த முடிச்சின் கதை மட்டும் கரையோரமாக நடந்து ஊர் ஊராகப் போனது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் தடை போடவில்லை. ஆனால் அடுத்த வருட ஆட்டங்கள் தொடங்கியபோது ஒரு கோலியும் காலைத் தூக்கிக் காட்டவில்லை. சிலர் லேஸுக்கு மேல் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வந்தார்கள். சிலர் உறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தாங்களே குனிந்தார்கள். விழுந்தவளுக்கு யாராவது கை நீட்டினால், அவள் முதலில் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பிறகு தரையில் கை ஊன்றி எழுந்தாள்.

பலகை மட்டும் பழைய உற்சாகத்தில் இருந்தது. “இந்த முறையும் நாம்தான்” என்றது.

அந்த வருடத்தின் முதல் ஆட்டம் சொந்த ஊரில் நடந்தது. நடு ஆட்டத்தில் ஷெரினின் லேஸ் அவிழ்ந்தது. பந்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது. பக்கத்தில் நின்ற எதிரணிப் பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷெரின் காலைத் தூக்கவில்லை, சும்மா நின்றாள்.

பெனிட்டா பார்த்துவிட்டாள். முன்னாலிருந்து மைதானத்தின் பாதியைத் தாண்டி ஓடி வந்தாள். வந்து முழங்கால் ஊன்றி லேஸைத் தொட்டாள். ஷெரின் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“நானில்லா வந்திருக்கேன்?” என்றாள் பெனிட்டா.

“தெரியும்” என்றாள் ஷெரின்.

பெனிட்டா முழங்காலில் அப்படியே இருந்தாள். நடுவர் மணியைப் பார்த்தார். கோலுக்குப் பின்னால் நின்ற செலஸ்டின் சார் பொறுக்க முடியாமல் உள்ளே வந்தார். “ரெண்டு பேரும் என்ன வெளையாட்டு வெளையாடுதீங்க? எந்தி பெனிட்டா” என்று அவளை விலக்கிவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தாமே மண்ணில் முழங்கால் ஊன்றினார்.

“கால நீட்டு மக்களே. நான் கெட்டித் தாறேன்.”

ஷெரின் அவர் கைகளைப் பார்த்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. சாரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

“எந்த முடிச்சு சார் போடுவீங்க?”